திரைஞ்ச பாலுக்கு ஆர் சொந்தக்காரர்?

2022 பங்குனி கடைசி. மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நாட்கள். பால்மாவுக்குக் கடை வாசல்களில் வரிசை. வெள்ளவத்தையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டுக்கு, தெரிந்த ஒருவர் தயவில் இரண்டு லீற்றர் பசுப்பால் கிடைத்தது. தங்கம் கிடைத்த மாதிரித்தான். ஒரு லீற்றரை அப்போதே காய்ச்சித் தேத்தண்ணி போட்டுவிட்டோம். மற்றதைக் கரண்ட் இல்லாத பிரிஜ்ஜுக்குள் வைத்தோம். பின்னேரம் அடுப்பில் வைத்தபோது சட்டியின் ஓரமெல்லாம் சின்னச் சின்னத் துணுக்கைகள். பால் திரைஞ்சு போச்சு.

ஒருத்தி கொட்டப் போனாள். இன்னொருத்தன் மறித்தான். "மணம் மாறேல்லை, இப்பதான் திரைஞ்சது. தேசிக்காய் இருக்கா?" அரைத் தேசிக்காய் இருந்தது. அதைப் பிழிந்துவிட, பால் முழுசாகப் பிரிந்து, மேலே வெள்ளைக் கட்டியும் கீழே பச்சை கலந்த மஞ்சள் தண்ணியுமாக நின்றது. பழைய வேட்டித் துணியில் வடித்து, வெங்காயம் பச்சை மிளகாயோடு வதக்கிப் பாணோடு சாப்பிட்டோம். அந்த மாதத்தில் நாங்கள் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று.

சாப்பிடும்போதுதான் அந்தக் கதை வந்தது. "இது போர்த்துக்கேயர் சொல்லிக்குடுத்தது. இந்தியாவில முந்திப் பாலைத் திரைய விடுறது பாவம் எண்டு நினைச்சவங்கள்." எங்களில் ஒருவர் எங்கேயோ வாசித்தது. நீங்களும் வாசித்திருப்பீர்கள், பனீர் பற்றியோ ரசகுல்லா பற்றியோ எழுதப்படும் கட்டுரைகளில் பாதிக்கு இந்த வசனம்தான் அத்திவாரம். அப்போது தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவினோம். பிறகு, கரண்ட் வரத் தொடங்கிய காலத்தில், இந்தக் கதை எவ்வளவு உண்மை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் பார்த்தோம். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். அது தெரியாவிட்டால் பிறகு வரும் சண்டை விளங்காது.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு கேசீன். இது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உருண்டைகளாகப் பாலுக்குள் மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. புளி சேர்ந்தால் அந்த ஏற்றம் குறைந்து, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். தயிரிலும் நடப்பது இதுதான். ஆனால் தயிரில் பக்டீரியா இரவிரவாக மெதுவாகப் புளிப்பை உண்டாக்குகிறது. புரதம் ஒரு வலை மாதிரிப் பின்னி, தண்ணியையும் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கொதித்த பாலில் திடீரென்று புளியை விட்டால் அந்த வலைக்கு நேரம் இல்லை. புரதமும் கொழுப்பும் கட்டி கட்டியாகத் திரண்டு, தண்ணியை வெளியே தள்ளிவிடும். பாலை நன்றாகக் கொதிக்க வைப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு. வழமையாகத் தண்ணியோடு போய்விடும் மற்றப் புரதங்களில் ஒரு பகுதி சூட்டில் குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவின் பெரும்பாலான சீஸ் வகைகளுக்குத் தேவைப்படும் கன்றின் இரைப்பை நொதியம் இதற்குத் தேவையில்லை. அந்தச் சீஸ் சூட்டில் உருகும். இது உருகாது, வறுபடும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒரு லீற்றர் கொழுப்பு நீக்காத பாலைக் கொதிக்க வைத்து, அடுப்பை நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியில் அதேயளவு தண்ணி கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். தண்ணி தெளிந்ததும் நிறுத்துங்கள். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் புளி காணாது என்று அர்த்தம். துணியில் வடித்து, புளிப்புப் போக ஒருமுறை தண்ணியில் அலசி, அரை மணித்தியாலம் தொங்கவிட்டால் 150 முதல் 200 கிராம் வரை வரும். அப்படியே உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்தால் அது வங்காளத்தின் சானா. பாரம் வைத்து அழுத்தித் துண்டு போட்டால் பனீர். பெட்டிப் பால் கூடச் சூடு காட்டப்பட்டது, அதனால் கட்டி தளர்வாகத்தான் வரும். எங்களைப்போலத் தற்செயலாகத் திரைஞ்ச பாலில் செய்வதை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. அன்றைக்கு மணம் மாறியிருந்தால் நாங்களும் கொட்டியிருப்போம்.

இனிக் கதை.

இந்தப் 'பாவம்' கதையைப் பரப்பியதில் பெரிய பங்கு கே. டி. அச்சயாவுக்கு உண்டு. இந்திய உணவு வரலாற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1994இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இன்றைக்கும் எல்லோருக்கும் கைநூல். ஆரியர்களிடம் பாலை வேண்டுமென்றே உடைப்பதற்கு ஒரு விலக்கு இருந்தது, கிருஷ்ணன் கதைகளில் பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாம் வருகிறது ஆனால் சானா வருவதில்லை, வங்காளத்தில் குடியேறிய போர்த்துக்கேயர் சீஸ் செய்ததைப் பார்த்த பிறகே அந்த விலக்குத் தளர்ந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் ஒரு கருத்தாக வைத்தது, பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதி, முடிந்த உண்மை ஆகிவிட்டது.

வாசிக்கும்போது எங்களுக்கு இது சரியாகத்தான் பட்டது. எங்கட மொழியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறமாதிரி இருந்தது. பால் தயிரானால் தோய்ந்தது, உறைந்தது என்கிறோம். அது நல்ல சொல். தானாகப் பிரிந்தால் திரைந்தது. அது கெட்ட செய்தி. வங்காளத்தில் பால் 'வெட்டுப்பட்டு'ப் போகும், ஹிந்தியில் 'கிழிந்து' போகும். எல்லாமே ஏதோ காயம் பட்ட மாதிரிச் சொற்கள். புது வீட்டில் பால் பொங்க வேண்டும், திரையக் கூடாது. இந்த அச்சம் பொய்யில்லை.

ஆனால் விலக்குக்குச் சாட்சியாக எந்த வேதகாலத்தைக் காட்டுகிறார்களோ, அந்த வேதச் சடங்குகளுக்குள்ளேயே எதிர்ச்சாட்சி இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் சாதுர்மாஸ்ய வேள்விகளில் முதலாவது வைஸ்வதேவம். அதில் கொடுக்கவேண்டிய படையல்களில் ஒன்றுக்குப் பெயர் ஆமிக்ஷா. செய்முறை என்ன தெரியுமா? காய்ச்சிய சூடான பாலுக்குள் தயிரை விடவேண்டும். திரண்டு வரும் கட்டி ஆமிக்ஷா, அது விசுவதேவர்களுக்கு. பிரிந்து நிற்கும் தண்ணிக்கு வாஜினம் என்று பெயர், அது வாஜிகள் என்ற தேவதைகளுக்கு. சூடான பால், புளிப்பு, கட்டி, தண்ணி. நாங்கள் வெள்ளவத்தையில் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தேசிக்காய் மட்டும்தான்.

இதோடு முடியவில்லை. வேதச் சடங்குகளின் விதிகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மீமாம்சகர்கள் இந்தச் சட்டியைச் சுற்றி ஒரு விவாதமே நடத்தியிருக்கிறார்கள். பாலுக்குள் தயிரை விடுவது எதற்காக? கட்டிக்காகவா, தண்ணிக்காகவா, இரண்டுக்குமாகவா? இரண்டுமே தேவதைகளுக்குப் போகிறதுதானே. அவர்கள் வந்த முடிவு: நோக்கம் கட்டிதான். தண்ணி கூடவே வருகிற ஒன்று; அது பயன்படுகிறது, ஆனால் அதற்காக யாரும் பாலைத் திரைய விடுவதில்லை. அப்படியென்றால் வாஜினம் தவறிச் சிந்திவிட்டாலும், அதற்காகத் திரும்பப் பால் காய்ச்சத் தேவையில்லை. எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. இரண்டாயிரம் வருடப் பழைமையான ஒரு தத்துவ மரபு, ஒரு வேலையின் நோக்கத்தையும் அதன் பக்கவிளைவையும் பிரித்துக் காட்ட எடுத்த உதாரணம், திரைஞ்ச பால்.

வேள்வியில் செய்ததால் வீட்டிலும் சானா செய்து சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது, அது எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் 'பாலை வேண்டுமென்றே உடைப்பது பாவம்' என்று நம்பிய ஒரு சமூகம், அதையே விதியாக்கித் தேவர்களுக்குப் படைத்திருக்குமா?

வீட்டுச் சமையலுக்கு — அரண்மனை வீடு என்று வையுங்கள் — சாட்சி வேறு இடத்தில் கிடைக்கிறது. கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட மேலைச் சாளுக்கியர். எங்கட பாடப்புத்தகங்களில் சோழரோடு சண்டை பிடித்தவர்கள் என்ற அளவில் மட்டும் வந்துபோகிறவர்கள். அந்த வம்சத்தில் மூன்றாம் சோமேஸ்வரன் என்ற அரசன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மானசோல்லாசம் என்ற நூலைச் சமஸ்கிருதத்தில் செய்தான். யானை பிடிப்பதில் இருந்து சங்கீதம் வரைக்கும் எல்லாம் அதில் உண்டு, சாப்பாடு தாராளமாகவே உண்டு. அங்கே கொதிக்கும் பாலில் புளிப்பை விட்டுத் திரைய வைத்து, துணியில் வடித்து, அரிசிமாவோடு பிசைந்து, உருண்டையாக்கிப் பொரித்து இனிப்பாக்கும் ஒரு செய்முறை வருகிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியது 1498. இந்தப் பலகாரம் அதற்கு முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முந்தியது.

சரி, விலக்குக் கதை ஆட்டம் கண்டுவிட்டது. போர்த்துக்கேயர் கதை?

அதற்கு எல்லோரும் காட்டுவது பிரான்சுவா பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவரை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மொகலாய அரசவையோடு பழகி, இந்தியாவில் பல வருடம் இருந்தவர். வங்காளம் இனிப்புகளுக்குப் பெயர்போனது, விசேடமாகப் போர்த்துக்கேயர் இருக்கும் இடங்களில், அவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள், அதை வியாபாரமாகவும் செய்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இவ்வளவுதான் வழமையாக எடுத்துக் காட்டப்படும். நாங்கள் அடுத்த வரியையும் வாசித்தோம். அடுத்த வரியில் அவர் அந்த இனிப்புகள் என்னவென்று பட்டியல் போடுகிறார்: பெரிய நார்த்தை வகைகள், மாங்காய், அன்னாசி, நெல்லிவகை, தேசிக்காய், இஞ்சி. எல்லாம் சீனிப்பாகில் ஊறப்போட்ட பழங்கள்! பாலைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு வரியோடு நிறுத்தி மேற்கோள் காட்டியதால், பழப்பாகு சானாவாக மாறிவிட்டது.

இதற்காகப் போர்த்துக்கேயரை முழுசாகத் துடைத்தெறியவும் நாங்கள் தயாரில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு குடியிருப்பு இருந்தது, 1632இல் ஷாஜகானின் படை அதை அழிக்கும் வரைக்கும். அந்தப் பக்கத்து பாண்டேல் என்ற ஊரின் பெயரில் இன்றைக்கும் ஒரு சீஸ் இருக்கிறது. சின்ன வட்டத் தட்டுகளாக, நல்ல உப்பாக, சிலது புகைபோட்டு மண்ணிறமாக, கல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் விற்கப்படுகிறது. ஆகவே அவர்கள் கைவண்ணம் அங்கே ஏதோ ஒரு வகையில் தங்கியிருக்கிறது. எங்கட கேள்வி வேறு. போர்த்துக்கேயர் வந்தது மட்டுமே காரணம் என்றால், இங்கே ஏன் நடக்கவில்லை? 1505இல் இருந்து 1658 வரை இலங்கைக் கரையில் இருந்தவர்கள். எங்களுக்குப் பாண் தந்தார்கள், அலுமாரி, கதிரை, சப்பாத்து எல்லாம் தந்தார்கள். சிங்களத்தில் சீஸுக்குச் சொல் 'கேஜு'. அது போர்த்துக்கேயரின் கெய்ஜுதான். சொல் வந்து நின்றுவிட்டது. சானாவில் செய்த ஒரு பலகாரம் கூட எங்கட ஊர்களில் வரவில்லை. நாங்கள் பாலைத் தயிராக்கி, கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம்.

வங்காளத்தில் வேறு ஏதோ இருந்திருக்கிறது. எங்கட ஊகம் இது: அங்கே சீனி இருந்தது, பால் இருந்தது, பலகாரம் செய்வதையே சாதித்தொழிலாகக் கொண்ட மோய்ராக்கள் இருந்தார்கள், 19ஆம் நூற்றாண்டில் பணம் புழங்கும் கல்கத்தா என்ற மாநகரமும் வந்தது. வெயில் ஊரில் கறந்த பால் சில மணித்தியாலத்தில் கெட்டுவிடும். நகரத்துக்கு இருபது முப்பது மைல் தள்ளி மாடு வைத்திருக்கிறவனுக்கு, பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அதையே சானாவாக்கினால் பாரம் ஐந்தில் ஒன்றாகக் குறையும், அடுத்த நாள் காலை வரைக்கும் தாங்கும், துணியில் கட்டித் தலையில் வைத்தோ, பிற்காலத்தில் ரயிலிலோ கொண்டுபோகலாம். சானாவின் வரலாற்றில் அரசர்களையும் மாலுமிகளையும் விட இந்த மனிதருக்குத்தான் நாங்கள் கூட இடம் கொடுப்போம். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

பெயர் உள்ளவர்களின் சண்டை ஒன்று உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கல்கத்தாவின் பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸ் 1868இல் ரசகுல்லாவை உருவாக்கினார் என்பது வங்காளத்தின் கதை. ஒடிசாக்காரர் இதை ஒத்துக்கொள்வதில்லை. பூரி ஜகந்நாதர் தேர்த்திருவிழா முடிந்து கோயிலுக்குத் திரும்பும் நாளில், தன்னை விட்டுவிட்டுப் போனதற்காகக் கோபித்துக் கதவைச் சாத்தும் லக்ஷ்மிக்கு அவர் ரசகோலா கொடுத்துத்தான் சமாதானம் பண்ணுகிறார், இது பழைய வழமை என்கிறார்கள். பழைய ஒடியா ராமாயணத்தையும் சாட்சிக்கு இழுத்தார்கள். 2015இல் அந்த நாளை ரசகோலா தினமாகவே கொண்டாடத் தொடங்கினார்கள். அதற்கு வங்காளம் சொன்ன மறுப்பைக் கவனியுங்கள்: சானா உடைந்த பால், அதைக் கோயிலில் படைத்திருக்கவே மாட்டார்கள்! அச்சயாவின் விலக்குக் கதை இங்கே வழக்கறிஞர் வேலை பார்க்கிறது. தங்களுடைய இனிப்பின் பெருமையைக் காப்பாற்ற, அந்த இனிப்பின் மூலப்பொருள் தீட்டு என்று வாதாட வேண்டிய நிலை.

புவிசார் குறியீடு வழங்கும் இந்திய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ரசகுல்லாவோடு பெரிய பந்தம் இல்லாத அந்த ஊரில் இருந்து, 2017 நவம்பர் 14இல் மேற்கு வங்காளத்தின் 'பாங்லார் ரசகுல்லா'வுக்கும், 2019 ஜூலை 29இல் 'ஒடிசா ரசகோலா'வுக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் போனது. வங்காளத்தினது வெள்ளை, பஞ்சு மாதிரி. ஒடிசாவினது கொஞ்சம் பழுப்பு, மிருது. ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் தனி வகை என்பதுதான் சான்றிதழின் பொருள். ரசகுல்லாவை முதலில் கண்டுபிடித்தது ஆர் என்ற கேள்விக்கு அது தீர்ப்பில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வெடி கொளுத்தினார்கள்.

எது ஆருடையது என்ற சண்டை எங்கட நாட்டுக்கும் புதிதில்லை என்பதால், நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவில்லை. கொஞ்சம் யோசித்தோம். இந்தச் சண்டையில் மன்னர் வருகிறார், கடவுள் வருகிறார், கடைக்காரர் வருகிறார். பால்காரர் மட்டும் வருவதேயில்லை. அவர் வரலாற்றில் தலை காட்டும் ஒரு இடம் எங்களுக்குக் கிடைத்தது. அது 1965.

அந்த வருடம் மேற்கு வங்காளத்தில் உணவுத் தட்டுப்பாடு. அரிசியும் இல்லை, பாலும் காணாது. முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென்னின் காங்கிரஸ் அரசாங்கம், சானாவில் இனிப்புச் செய்வதைத் தடுக்கும் ஒரு கட்டளையைக் கொண்டுவந்தது. கல்கத்தாவில் ரசகுல்லாவும் சந்தேஷும் சட்டவிரோதம்! கேட்கப் பகிடி மாதிரி இருக்கும். ஆனால் அரசாங்கத்தின் நியாயம் பகிடியில்லை: குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் இல்லாதபோது, லீற்றர் லீற்றராகப் பாலை உடைத்துப் பணக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் பலகாரம் செய்வது சரியா? 2022இல் பால்மா வரிசையில் நின்ற எங்களுக்கு இந்தக் கேள்வி சும்மா கேள்வியாகப் படவில்லை. அந்த வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற அம்மாமாரைப் பார்த்திருந்தால் நீங்களும் ஒரு கணம் சென் பக்கம் நின்றிருப்பீர்கள். நாங்கள் நின்றோம்.

பிறகுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கட்டளை போட்டவர்களின் எண்ணம், சானாவுக்குப் போகிற பால் எல்லாம் அப்படியே திரும்பி நகரத்துப் பால்பண்ணைக்கு வந்துவிடும் என்பது. ஆனால் அந்தப் பால் சானாவானதே நகரத்துக்குப் பாலாக வர முடியாததால்தானே? குளிரூட்டும் நிலையம் இல்லாத ஊரில், சானாவைத் தடுத்தால் பால் பாலாக நடந்து வராது. அது அங்கேயே கிடந்து திரையும். அடி முதலில் விழுவது ஊருக்குள் மாடு வைத்திருந்தவர்களுக்கும், சானா மூட்டை கட்டி ரயிலேறியவர்களுக்கும், கடைகளின் பின்கட்டில் பெரிய தாச்சிகளுக்கு முன்னால் நின்ற கூலியாட்களுக்கும். பணக்காரருக்கு இனிப்புத் தடை ஒரு எரிச்சல். இவர்களுக்கு அது உலை. எல்லோருக்கும் பால் வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். அந்த நோக்கத்துக்குத் தேவையாக இருந்தது குளிர்ப்பெட்டியும் வண்டியும், தடைச்சட்டம் இல்லை.

1967 தேர்தலில் காங்கிரஸ் மேற்கு வங்காளத்தில் ஆட்சியை இழந்தது. சென் தன்னுடைய ஆரம்பாக் தொகுதியிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்த அஜய் முகர்ஜி அடுத்த முதலமைச்சர் ஆனார். ரசகுல்லாதான் அரசாங்கத்தைக் கவிழ்த்தது என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. அது மிகை. அரிசிப் பஞ்சமும் 1966இன் உணவுப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டதும்தான் பெரிய காரணங்கள். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இந்தக் கசப்பும் இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பனீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். சொல் பாரசீகம், பொதுவாகச் சீஸ் என்றுதான் பொருள். கலியாண வீட்டில் தெளிக்கும் பன்னீருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டையும் குழப்பி எழுதும் சாப்பாட்டுக்கடை மட்டைகளை நாங்கள் சேகரித்தே வைத்திருக்கிறோம். இன்றைக்கு உலகம் முழுக்க 'இந்தியச் சாப்பாடு' என்று தெரிகிற பனீர்க் கறிகள் பெரும்பாலும் 1947க்குப் பிறகு, பிரிவினையில் வீடிழந்து டெல்லிக்கு வந்த பஞ்சாபிகள் திறந்த சாப்பாட்டுக்கடைகளின் வழியாகப் பரவியவை. கொழும்பு சுப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் கட்டியாகக் கிடப்பது அந்தப் பாதையில் வந்தது. அது தனிக் கதை, பெரிய கதை. இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இதெல்லாம் எழுதி முடித்த பிறகு, எங்களில் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன்ர அம்மம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள். வேதம், சாளுக்கியன், போர்த்துக்கேயன் எல்லாம் சொல்லிவிட்டு, "எங்கட ஆக்கள் மட்டும் ஏன் அம்மம்மா திரைஞ்ச பாலைச் சாப்பிடேல்லை?" என்று கேட்டாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆர் பிள்ளை சொன்னது சாப்பிடேல்லை எண்டு? பால் திரைஞ்சால் ஆர் கொட்டுவினம்? சண்டையில பாலுக்கு அந்தரப்பட்ட நேரம் கொட்டுறதோ? சீனி கொஞ்சம் போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, வத்தக் கிண்டி உங்கட அம்மா ஆக்களுக்குக் குடுத்திருக்கிறன். வெளியில சொல்லுறேல்லை. திரைஞ்ச பாலைப் பிள்ளையளுக்குக் குடுத்தவ எண்டு சனம் கதைக்கும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளாக நாங்கள் எழுதப்பட்டதை மட்டும் தேடியிருக்கிறோம். அம்மம்மாவின் சட்டி எந்த நூலிலும் வராது; அவவே அதை மறைத்து வைத்திருந்தவ. விலக்கு இருந்ததும் உண்மை, எல்லோரும் சாப்பிட்டதும் உண்மை, இரண்டும் ஒரே குசினிக்குள் ஒன்றாகவே இருந்திருக்கிறது. கல்கத்தாவின் பழைய குசினிகளிலும் கல்யாணியின் குசினிகளிலும் எத்தனை பேர் இப்படிக் கிண்டிக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்திருப்பார்கள்?

ஃபோனை வைக்க முதல் அம்மம்மா ஒரு கேள்வி கேட்டா.

"அது சரி, வடிச்ச தண்ணியை என்ன செய்தனீங்கள்?"

"கொட்டிப்போட்டம்."

"நல்லாய் இருக்கு! ரொட்டிக்கு மா குழைச்சிருக்கலாம். இல்லாட்டி ஆறவிட்டுக் கறிவேப்பிலைக் கண்டுக்கெண்டாலும் ஊத்தியிருக்கலாம்."